தமிழ் தெரியாத டீச்சர்

ஆம்புலன்ஸ் வந்துவிட்டதோ என்று வகுப்பே துள்ளி விழுந்தது. அப்படி ஒரு சைரன். பலகையில் எழுதிக்கொண்டிருந்த டீச்சரின் கையிலிருந்து மார்க்கர் நழுவி, உருண்டு, முதல் பெஞ்சுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

“ஸாரி மிஸ், ஸாரி மிஸ்! மை போன் மிஸ்!”

முதல் பெஞ்சுப் பெண்தான். வயது இருபத்திரண்டு. குரலுக்கு மட்டும் வயதே கிடையாது. ரகசியம் பேசினால்கூட மாடிப்படிவரை கேட்கும். வகுப்பில் அவளுக்கு வைத்த பெயர் லவுட்ஸ்பீக்கர்.

வெளியே போய்ப் பேசு என்று டீச்சர் கையைக் காட்டினாள். லவுட்ஸ்பீக்கர் தலையாட்டிவிட்டு இரண்டே எட்டு நகர்ந்து, டீச்சரின் தோளுக்குப் பக்கத்திலேயே நின்று பேச ஆரம்பித்தாள். டீச்சருக்குத்தான் தமிழ் தெரியாதே!

“ஆமா சித்தி, ஞாயித்துக்கிழமை காலையில ஃப்ளைட்டு. இல்ல சித்தி, வேலை விசா எல்லாம் அங்க போய் மாத்திக்கலாமாம். இப்போதைக்கு டூரிஸ்ட் விசா. ஏர்போர்ட்ல கேட்டா சுத்திப் பாக்க வந்தேன்னு சொல்லணும், அவ்ளோதான். இறங்கினதும் பாஸ்போர்ட்டை அவங்க ஆளுகிட்ட குடுத்துடணுமாம், பத்திரமா வெச்சுக்குவாங்களாம். பெரிய வீடாம் சித்தி! ஒரே ஒரு குழந்தையப் பாத்துக்கிட்டாப் போதுமாம்!”

டீச்சர் குனிந்து மார்க்கரைத் தேடினாள். அது பெஞ்சுக்கடியில் கண்ணுக்கு நேராகவே கிடந்தது. ஆனாலும் அவள் நிமிரவில்லை. நிமிர்ந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

முகத்தைக் காட்டாமல் இருப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

பதினோரு வருடம் வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பித்தவள் அவள். ஒரு கம்பெனி நடத்திய பள்ளிக்கூடம். வகுப்புக்குப் பத்துப் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளின் மொழி இவளுக்குத் தெரியாது, இவள் மொழி அவர்களுக்குத் தெரியாது. படம் வரைந்து, நடித்துக் காட்டி, பாட்டுப் பாடி, குட்டிக்கரணம் ஒன்றுதான் பாக்கி. அதிலே அவள் கெட்டிக்காரி. பிறகு கம்பெனி பள்ளியை மூடியது. பதினைந்து வயது மகளையும் இரண்டு பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு தம்பி வீட்டு வாசலில் வந்து இறங்கினாள்.

ஊரில் ஏழு பள்ளிக்கூடங்களின் படியேறினாள். “அந்த நாட்டுச் சான்றிதழ் இங்க செல்லாதுங்களே” என்றார்கள். “வயசு தாண்டிடுச்சே” என்றார்கள். ஒரு இடத்தில் மட்டும் மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். அறுபது பிள்ளைகள். படம் வரைந்தாள், நடித்தாள், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இருபது நிமிடத்தில் அறுபது பேரும் ஆங்கிலத்தில் சண்டை போட ஆரம்பித்தார்கள். தலைமையாசிரியை வாசலில் வந்து நின்றார். “என்னம்மா, ஒரே சத்தமா இருக்கு! பாடம் எப்ப நடத்துவீங்க?”

எட்டாவது படிதான் இந்த இன்ஸ்டிட்யூட். பேக்கரிக்கு மேலே மூன்று அறை. முதலாளியை எல்லாரும் டைரக்டர் சார் என்பார்கள். அவர் இவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“மேடம், உங்களுக்குத் தமிழ் தெரியுமா?”

“என்ன சார் இது? இப்ப எதுல பேசிட்டிருக்கேன்?”

“தெரியாது மேடம். அதுதான் வேலை.”

அவருடைய கணக்கு எளிமையானது. டீச்சருக்குத் தமிழ் தெரிந்தால் மாணவர்கள் தமிழிலேயே கேட்டுத் தமிழிலேயே பதில் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். தெரியாவிட்டால், பாத்ரூம் போவதற்குக்கூட ஆங்கிலம் வந்தாக வேண்டும். மறுநாளே வாசலில் பெரிய பலகை ஏறியது: ‘வெளிநாட்டிலேயே பிறந்து வளர்ந்த ஆசிரியை! ஒரு வார்த்தை தமிழ் தெரியாது!’ ஒரே வாரத்தில் பெஞ்சு போதவில்லை.

அன்றிலிருந்து அவள் பாடு ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். மாணவர்கள் கண்ணில் படாமலிருக்க, பஸ்ஸை விட்டு ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்குவாள். ஒருநாள் காய்கறிக் கடையில் அழுகல் தக்காளிக்காக மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். பின்னால் ஒரு மாணவனின் குரல். சட்டென்று “ஹவ் மச்?” என்றாள். கடைக்காரம்மா வாயைப் பிளந்தாள். “இவ்வளவு நேரம் என்னைக் கிழிகிழின்னு கிழிச்சே, இப்ப என்னம்மா வந்துச்சு உனக்கு?” தக்காளியைப் போட்டுவிட்டு ஓட்டம் பிடித்தாள் டீச்சர்.

வகுப்பில் அவளுக்குச் சீமைக்கிளி என்று பெயர். அவள் காதுபடவே சொல்வார்கள். “சீமைக்கிளி இன்னிக்கு மூஞ்சி வீங்கி வந்திருக்கு பாருடி.” “புருஷன் விட்டுட்டுப் போயிட்டானாம். இந்த இங்கிலீஷைக் கேட்டா யாருதான் இருப்பான்?” முழு வகுப்பும் சிரிக்கும். “வெரி குட்! ஸ்பீக் இன் இங்கிலீஷ்!” என்று அவளும் சிரிப்பாள். புருஷன் விட்டுட்டுப் போனது உண்மைதான். அங்கே மொழி தெரியாததால் விழித்தாள். இங்கே தெரிந்தும் விழிக்கிறாள். முழி ஒன்றுதான், வலி வேறு.

இன்னும் இரண்டு நாள் பொறுத்துவிட்டால் போதும். சனிக்கிழமையோடு மூன்று மாதம் முடிகிறது. வேலை நிரந்தரம் என்று டைரக்டர் கடிதம் தருவார். அந்தக் கடிதத்துக்காக ஒரு வீடு காத்திருந்தது. மாடியில் இரண்டு அறை. “ஆம்பளை இல்லாத வீட்டுக்குக் குடுக்கிறதில்ல. நிரந்தர வேலைன்னு லெட்டர் காட்டினா யோசிக்கிறேன்” என்றிருந்தாள் வீட்டுக்காரம்மா. மகள் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்து ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: “அம்மா, எனக்குக் கதவைச் சாத்திக்கிட்டுத் தூங்கணும்மா.”

தம்பி வீட்டில் தாயும் மகளும் ஹாலில்தான் படுக்கை. தம்பி மனைவி கெட்டவள் இல்லை. ஆனால் காலையில் அவர்கள் பாயைச் சுருட்டும்வரை இடுப்பில் கை வைத்து நிற்பாள். “மெதுவா எழுந்திரிங்க அண்ணி, எனக்கென்ன அவசரம்” என்பாள். அந்த ‘எனக்கென்ன அவசரம்’ நாலு சாத்துச் சாத்தியதைவிட அதிகமாக வலிக்கும்.

போன் பேசி முடித்த லவுட்ஸ்பீக்கர், “தேங்க்யூ மிஸ்” என்று உட்கார்ந்தாள். டீச்சர் நிமிர்ந்தாள். பலகையில் பாதியில் நின்ற வாக்கியத்தை முடிக்க வேண்டும். என்ன எழுத வந்தோம் என்பதே மறந்துபோயிருந்தது.

டூரிஸ்ட் விசா. பாஸ்போர்ட்டை அவங்க ஆளுகிட்ட. பெரிய வீடு.

அவளுக்குத் தெரியும். தான் வேலை பார்த்த நாட்டில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு காப்பகத்துக்குப் போய்க் காசு வாங்காமல் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள் அவள். வீட்டு வேலைக்கென்று வந்து, அடைபட்டு, அடிபட்டு, சுவரேறிக் குதித்து ஓடிவந்த பெண்கள் அங்கே இருந்தார்கள். போலீஸிடம் போனால், விசா முடிந்தும் தங்கியதாக அவர்களையே பிடித்து உள்ளே போடுவார்கள். குட் மார்னிங் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தால் வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். ‘என் பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கிறது’ என்பதை எப்படிச் சொல்வது? அதுதான் அவர்கள் கேட்ட முதல் பாடம்.

சொல்லிவிடலாம். ஆனால் யாரிடம்? லவுட்ஸ்பீக்கரிடம் தமிழில் ஒரு வார்த்தை சொன்னால், பேக்கரியில் ரொட்டி வெட்டுகிறவனுக்கு அடுத்த நிமிடம் தெரிந்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அவளை அனுப்புகிற ஏஜென்ட், டைரக்டரின் சொந்த மச்சான். இன்ஸ்டிட்யூட்டின் மூன்றாவது அறைதான் அவருடைய ஆபீஸ்.

சரி, நம் கையில்தான் ஆங்கிலம் இருக்கிறதே என்று நினைத்தாள் டீச்சர். பதினோரு வருடம் மொழி தெரியாத பிள்ளைகளுக்கே புரிய வைத்தவளுக்கு, இது ஒரு பெரிய காரியமா?

வெள்ளிக்கிழமை காலை பலகை முழுக்கப் படம் வரைந்தாள். விமானம். பெட்டியோடு ஒரு பெண். பாஸ்போர்ட்டைக் கேட்டுக் கை நீட்டுகிற ஒரு ஆள். பிறகு ஜன்னலில்லாத ஒரு வீடு, வாசலில் பெரிய பூட்டு. உள்ளே அந்தப் பெண், கன்னத்தில் கண்ணீர்.

“ஹோட்டல் ரூம் மிஸ்!” என்றான் கடைசி பெஞ்சு மெக்கானிக்.

“லூசு! ஊருக்குப் போறப்ப வீட்டை நல்லாப் பூட்டிட்டுப் போகணும்னு சொல்றாங்கடா.”

“உள்ள ஒருத்தி அழுதுட்டிருக்காளே?”

“அது மாமியார். உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போறா.”

வகுப்பு குலுங்கியது. டீச்சர் சிரிக்கவில்லை. பலகையில் பெரிதாக ஒரு வாக்கியம் எழுதினாள். ‘நோ சார், மை பாஸ்போர்ட் ஸ்டேஸ் வித் மீ.’ நெஞ்சில் கையை வைத்து அழுத்திச் சொல்லிக் காட்டினாள். வகுப்பு முழுவதும் அப்படியே நெஞ்சில் கையை வைத்துச் சொன்னது. பத்துத் தடவை சொல்ல வைத்தாள். இருபது தடவை சொல்ல வைத்தாள். எல்லாரும் நோட்டில் எழுதி, அடியில் சிவப்புக் கோடும் போட்டுக்கொண்டார்கள்.

“நவ், யூ!” என்று லவுட்ஸ்பீக்கரை எழுப்பினாள். அவளுடைய நோட்டுதான் பாஸ்போர்ட். மெக்கானிக்தான் ஏஜென்ட். அவன் மிடுக்காக வந்து கை நீட்டினான். “கிவ் மீ யுவர் பாஸ்போர்ட்!”

லவுட்ஸ்பீக்கர் நிமிர்ந்து நின்றாள். நெஞ்சில் கையை வைத்தாள். அவ்வளவு தெளிவாக, அவ்வளவு அழகாக, இந்த மூன்று மாதத்தில் யாருமே ஒரு வாக்கியம் சொன்னதில்லை.

“நோ சார். மை பாஸ்போர்ட் ஸ்டேஸ் வித் மீ.”

டீச்சருக்குக் கண் நிறைந்தது. அப்பாடா!

அடுத்த கணம் லவுட்ஸ்பீக்கர் பணிவாகத் தலையைக் குனிந்து, நோட்டை இரண்டு கையாலும் எடுத்து மெக்கானிக்கின் கையில் வைத்தாள். பெரியவர்களிடம் எதையும் இரண்டு கையால் கொடுக்க வேண்டுமல்லவா? “தேங்க்யூ சார்” என்றும் சேர்த்துக்கொண்டாள்.

வகுப்பு கைதட்டியது. அவளும் வெட்கத்தோடு டீச்சரைப் பார்த்தாள், சரிதானே மிஸ் என்று கேட்கிற மாதிரி.

டீச்சர் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். தெரிந்த வித்தையெல்லாம் இறக்கியாகிவிட்டது. வார்த்தை ஒன்று விடாமல் போய்ச் சேர்ந்தது, விஷயம் மட்டும் சேரவில்லை.

அன்று சாயங்காலம் மகளின் போனை வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். வருகைப் பதிவேட்டிலிருந்து எடுத்த எண்ணை அழுத்தி, குரலைக் கட்டையாக்கிக்கொண்டாள்.

“அம்மாடி, நான் உனக்கு நல்லது நினைக்கிறவ. அந்த விசால போகாதே. பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்குவாங்க. வீட்டை விட்டு வெளியவே விடமாட்டாங்க.”

மறுமுனை சிரித்தது. “வந்துட்டீங்களா? ஏஜென்ட் சார் அன்னிக்கே சொன்னாரு, கிளம்புற நேரத்துல வயித்தெரிச்சல் பிடிச்சவ எவளாவது போன் பண்ணுவான்னு. யாருக்கா நீங்க? பேரைச் சொல்லுங்க, முகத்தைக் காட்டுங்க. அப்புறம் நம்புறேன்.”

போன் துண்டிக்கப்பட்டது.

முகத்தைக் காட்டுங்க! டீச்சர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. யாரோ பெற்ற பெண்ணுக்காகத் தான் பெற்ற பெண்ணை இன்னும் எத்தனை நாள் ஹாலில் படுக்க வைப்பது? நாளைக்கு ஒரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் வீடு வந்துவிடும். ஊரில் தினம் எத்தனை பேர் விமானம் ஏறுகிறார்கள்! எல்லாருக்கும் இவளா பொறுப்பு?

“என்னம்மா, யாரு போன்ல?” மகள் பின்னால் வந்து நின்றாள்.

“ராங் நம்பர்.”

“ராங் நம்பருக்கா அழறே?”

சனிக்கிழமை பதினொரு மணிக்கு வழியனுப்பு விழா. பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள். லவுட்ஸ்பீக்கரின் படம் போட்ட பேனர் ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது. ஏஜென்ட் வெள்ளைச் சட்டையில் பளிச்சென்று இருந்தார். முதல் வரிசையில் லவுட்ஸ்பீக்கரும் அவள் அம்மாவும். ஒடிசலான பெண்மணி. மகளின் கையைத் தன் மடிமேல் வைத்துப் பிடித்திருந்தாள். யாராவது மகளிடம் பேச வந்தால், அந்தப் பிடி இன்னும் கொஞ்சம் இறுகியது. இவளுக்குக் கீழே மூன்று தங்கைகள், அப்பா படுத்த படுக்கை என்று லவுட்ஸ்பீக்கரே வகுப்பில் எல்லாருக்கும் சொல்லியிருந்தாள்.

டைரக்டர் டீச்சரைத் தன் அறைக்குள் கூப்பிட்டார். மேஜைமேல் பழுப்பு உறை.

“உங்க லெட்டர் மேடம். விழா முடிஞ்சதும் எடுத்துக்கங்க. நீங்க மூணு மாசமா நடிச்ச நடிப்புக்கு அவார்டே குடுக்கணும்! வாங்க, ரெண்டு வார்த்தை இங்கிலீஷ்ல வாழ்த்திட்டு வந்துடுங்க.”

டீச்சர் உறையைப் பார்த்தாள். கையை நீட்டி எடுத்துவிடலாம். ஆனால் விழா முடிந்ததும் என்றுதானே சொன்னார்.

மைக் முன்னால் நின்றாள். ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். அன்பான மாணவி, நல்ல எதிர்காலம், கடின உழைப்பு என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள். லவுட்ஸ்பீக்கர் ஒவ்வொரு வார்த்தைக்கும் மலர்ந்த முகத்தோடு தலையாட்டினாள். எதுவும் புரியவில்லை என்பது அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்தது. நாளைக்கும் அந்த வீட்டு வாசலில், பூட்டு விழுகிற நேரத்தில், இவள் இப்படித்தான் சிரித்துக்கொண்டு தலையாட்டுவாள்.

டீச்சரின் பேச்சு நின்றது.

“போகாதேடி கண்ணு” என்றாள்.

லவுட்ஸ்பீக்கரின் தலையாட்டல் பாதியில் நின்றது.

“நேத்து உனக்குப் போன் பண்ணது நான்தான். முகத்தைக் காட்டச் சொன்னியே, இதோ பாரு. டூரிஸ்ட் விசால வேலைக்குப் போறவளுக்கு அந்த ஊர்ல எந்தச் சட்டமும் துணைக்கு வராது. பாஸ்போர்ட்டைக் குடுத்துட்டா அப்புறம் நீ யாருன்னு உன்னாலயே சொல்ல முடியாது. அந்த வீடுகள்ல இருந்து தப்பிச்சு வந்தவங்களுக்கு நான் பாடம் எடுத்திருக்கேன். கை ஒடிஞ்சவளுக்கு எடுத்திருக்கேன். நாலு வருஷம் பெத்த அம்மா குரலையே கேக்காதவளுக்கு எடுத்திருக்கேன்.”

“ஐயோ, சீமைக்கிளிக்குத் தமிழ் தெரியுதுடி!” பின்வரிசையில் ஒரு குரல் கிறீச்சிட்டது.

“அப்ப நாம பேசினதெல்லாம்...?”

“எல்லாமே!” என்று மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டான்.

ஏஜென்ட் எழுந்தார். “யாரும் நம்பாதீங்க! இந்தம்மா மூணு மாசமா தமிழ் தெரியாதுன்னு உங்களையெல்லாம் ஏமாத்தினவங்க. இவங்க பேச்சு என்ன பேச்சு?”

“ஏமாத்தினேன்தான்” என்றாள் டீச்சர். “எம் பொண்ணுக்கு ஒரு வீடு வேணும்னு ஏமாத்தினேன். அதை இப்ப இழந்துட்டு நிக்கிறேன். பொய் சொல்றதுக்கு யாராவது இவ்வளவு விலை குடுப்பாங்களா சார்?”

லவுட்ஸ்பீக்கர் மெதுவாக எழுந்தாள். ஏஜென்டைப் பார்த்தாள். “பாஸ்போர்ட்டை எதுக்கு சார் உங்க ஆளு வாங்கறாரு?” அவள் இவ்வளவு மெல்லிய குரலில் பேசி யாருமே கேட்டதில்லை. ஏஜென்ட் “பத்திரமாம்மா... எல்லாம் ஒரு முறை இருக்கு” என்று இழுத்தார். அவள் யாரையும் பார்க்காமல் வெளியே போனாள். படிகளில் அவளுடைய செருப்புச் சத்தம் தடதடவென்று இறங்கி ஓடியது. ஏஜென்ட் பின்னாலேயே ஓடினார். பாதி வகுப்பு அவருக்குப் பின்னால் ஓடியது.

டைரக்டர் பழுப்பு உறையோடு வந்தார். கண்முன்னாலேயே நான்காகக் கிழித்தார்.

“சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி! உங்களுக்குச் சோறு போட்ட இடம் மேடம் இது. இனி இந்த ஊர்ல எந்த இன்ஸ்டிட்யூட் படி ஏறுறீங்கன்னு நானும் பாக்கிறேன். பையை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க.”

டீச்சர் பையை எடுத்தாள். மகளிடம் என்ன சொல்வது என்பதை இனிமேல்தான் யோசிக்க வேண்டும். வாசலுக்குப் போகிறபோதுதான் கவனித்தாள். முதல் வரிசையில் அந்த அம்மா இன்னும் உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு கூச்சலிலும் இடத்தை விட்டு அசையவில்லை. மகளின் கை இருந்த மடியில் இப்போது தன் கைகளையே ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருந்தாள்.

பாவம், அதிர்ச்சியில் உறைந்துவிட்டாள் என்று நினைத்தாள் டீச்சர். அவள் முன்னால் மண்டியிட்டாள்.

“அம்மா, உங்க வலி எனக்குப் புரியுது. ஆனா தெய்வாதீனமா இன்னிக்கே தெரிஞ்சுபோச்சு பாருங்க. போங்கம்மா, கீழ போய் உங்க பொண்ணை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க.”

அந்த அம்மா நிமிர்ந்தாள். கண்ணில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

“எனக்குத் தெரியாததா டீச்சர்? அதே மாதிரி வீட்டுல மூணு வருஷம் கிடந்துட்டு வந்தவ நான். அவ போனாத்தான் மத்த மூணும் சாப்பிடும்னு, அங்க பட்டதை அவகிட்டகூடச் சொல்லல. அவ காதுல யாரும் போட்டுடக் கூடாதேன்னுதான், ஊரெல்லாம் தேடி தமிழ் தெரியாத டீச்சர்கிட்ட கொண்டாந்து சேத்தேன்.”